சட்டை மாறினாலும் நம்ம ஆளு

2025 மார்ச் 23, ஞாயிறு இரவு. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸும் மும்பை இந்தியன்ஸும் மோதின. நூர் அகமது நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்ததில் மும்பை தள்ளாடிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் நீலச் சட்டையில் வந்த ஒருவர் 15 பந்துகளில் 28 ரன் விளாசி, அணியை 155 வரை இழுத்துச் சென்றார். பிறகு பந்து வீச வந்து ஒரு விக்கெட்டும் எடுத்தார். அவர் பெயர் தீபக் சஹர். 2018 முதல் மஞ்சள் சட்டையில் அதே மைதானத்தில் புதுப்பந்தை ஸ்விங் செய்தவர். முந்தைய நவம்பர் ஏலத்தில் மும்பை அவரை 9.25 கோடி ரூபாய்க்கு எடுத்துப் போயிருந்தது.

தோனி பேட்டிங் செய்ய வந்தபோது சஹர் அருகிலேயே நின்று கைதட்டிச் சீண்டினார். ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் நேரத்தில் தோனி பேட்டை ஓங்கி அவரைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். கேலரியில் சிரிப்பும் விசிலும் பறந்தன. சென்னை ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம். "நம்ம சஹர் நல்லாத்தான் ஆடினான்" என்ற பூரிப்பு மறுபக்கம். எதிரணிக்காக அவர் அடித்த ரன்களுக்கு யாரும் அவர்மேல் கோபப்படவில்லை.

அதே இரவில் இன்னொருவரும் திரும்பி வந்திருந்தார். மேற்கு மாம்பலத்துப் பையன் ரவிச்சந்திரன் அஸ்வின், 2015-க்குப் பிறகு முதன்முறையாக மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்தில் பந்து வீசினார். போன ஆள் ஒருவர், போய்த் திரும்பிய ஆள் ஒருவர். இரண்டு பேரையும் ஒரே கூட்டம் ஒரே இரவில் வரவேற்றது.

ஐபிஎல் பார்க்கும் ஊர்களுக்கு இது பழகிய வலி. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு அணியும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட வேண்டும். பிள்ளைகள் சுவரில் ஒட்டிய படத்தில் இருப்பவர் அடுத்த சீசனில் வேறு நிறத்தில் நிற்பார். அப்படிப் போனவர் எதிரணியில் திரும்பி வரும்போது ஒரு ஊர் என்ன செய்கிறது? கைதட்டுகிறதா, கூச்சலிட்டு விரட்டுகிறதா? உலகம் முழுக்க இதற்கு விதவிதமான பதில்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. எழுந்து நின்று கைதட்டும் ரசிகர் அந்த ஆட்டக்காரருக்கு மரியாதை செய்வதோடு, தன் வாழ்க்கையின் சில வருடங்களையும் உரிமை கொண்டாடுகிறார். ஆளை ஒப்பந்தம் கொண்டுபோகலாம். அவர் ஆடியபோது தான் கத்திய கத்தல் தன்னுடையது என்கிறார்.

எட்டாவது வருடம் வந்த பூஹோல்ஸ்

இந்த உரிமையை நான் அறிந்தவரை மிக அழகாகக் கொண்டாடிய ஊர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். 1950-ல் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்தார்கள். இப்போது மூன்று லட்சம் பேர்கூட இல்லை. ஆலைகள் மூடின, மக்கள் புறநகர்களுக்குப் போனார்கள். 2016-ல் ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ராம்ஸும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டியது. மிஞ்சியிருக்கும் பெருமைகளில் முதன்மையானது கார்டினல்ஸ் பேஸ்பால் அணி. ஆட்ட நாளில் ஊரே சிவப்பாகிவிடும்.

அந்த அணிக்கு 2001-ல் வந்தவர் ஆல்பர்ட் பூஹோல்ஸ். டொமினிக்கன் குடியரசில் பிறந்து, பதின்வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, அதே மிசௌரி மாநிலத்தில் பள்ளி படித்தவர். 1999-ல் புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது 401 பேரை எடுத்த பிறகுதான் இவர் பெயர் வந்தது. அப்படி வந்தவர் கார்டினல்ஸுக்கு ஆடிய பதினோரு வருடங்களில் 445 ஹோம் ரன் அடித்தார். நம்மூர்க் கணக்கில் பந்தைக் கூரைக்கு மேலே அனுப்பும் சிக்ஸர் மாதிரி, ஆனால் அதைவிட அரிது. மூன்று முறை லீகின் தலைசிறந்த வீரர் விருது பெற்றார். 2006-லும் 2011-லும் அணிக்கு உலகத் தொடர் கோப்பை வந்தது. 2011 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ஒரே நாளில் மூன்று ஹோம் ரன் அடித்தார்.

கோப்பை வந்த ஆறாவது வாரத்தில் அவர் போய்விட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் அணி பத்து வருடத்துக்கு 24 கோடி டாலர் தந்தது. செயின்ட் லூயிஸ் அவ்வளவு தர முன்வரவில்லை. ஊருக்குக் கோபம் வந்தது. பணத்துக்காகப் போனான் என்றார்கள். அவர் பெயர் போட்ட சட்டைகள் அலமாரிக்குள் போயின.

இரண்டு அணிகளும் வெவ்வேறு பிரிவுகளில் இருந்ததால் அவர் எதிரணி ஆளாக அந்த மைதானத்துக்கு வர எட்டாவது சீசன் வரை ஆகிவிட்டது. இந்த இடைவெளி முக்கியம் என்று நினைக்கிறேன். அடுத்த கோடையிலேயே வந்திருந்தால் வேறு சத்தம் கேட்டிருக்கும். எட்டு வருடத்தில் கோபம் வற்றிவிட்டது. வற்றிய இடத்தில் என்ன இருந்தது என்பது 2019 ஜூன் 21 அன்று தெரிந்தது.

முதல் இன்னிங்ஸில் அவர் பெயரை ஒலிபெருக்கி சொன்னதும் புஷ் ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து நின்றது. கைதட்டல் ஒரு நிமிடத்தைத் தாண்டியும் ஓயவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி நாலா பக்கமும் உயர்த்திக் காட்டினார். கார்டினல்ஸின் கேட்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் நிற்கும் இடத்தில் இருப்பவர், யாடியர் மொலினா. பூஹோல்ஸோடு இரண்டு கோப்பைகளையும் வென்றவர், நெருங்கிய நண்பர். அவர் அவசரப்படுத்தவில்லை. தன் இடத்தைவிட்டு முன்னால் வந்து, ஆட்டம் தொடங்காதபடி பார்த்துக்கொண்டு, நண்பரைக் கட்டிப்பிடித்தார். கூட்டத்துக்கு வேண்டிய நேரத்தை எதிரணி ஆளே வாங்கிக்கொடுத்தார்.

அந்த மூன்று நாளும் பூஹோல்ஸ் பேட்டோடு வந்த ஒவ்வொரு முறையும் கூட்டம் எழுந்தது. இரண்டாம் நாள், ஜூன் 22, ஏழாவது இன்னிங்ஸில் அவர் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். கார்டினல்ஸுக்கு எதிராக, கார்டினல்ஸ் ரசிகர்கள் நடுவில். அரங்கம் வெடித்தது. சொந்த அணியின் பந்து வீசுபவர் மேட்டில் நின்றுகொண்டிருக்க, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிரணியின் ஹோம் ரன்னுக்குக் குதித்தார்கள். அதோடு விடவில்லை. எதிரணிக் குடிலுக்குள் போனவரை மறுபடியும் வெளியே வரச் சொல்லிக் கத்தினார்கள். அவர் வந்து தொப்பியை உயர்த்தினார். ஆட்டத்தில் கார்டினல்ஸ் ஜெயித்தது. ஊருக்கு இரண்டும் கிடைத்தன.

தன் அணி ஜெயிக்க வேண்டும், ஆனால் இவன் அடிக்க வேண்டும் என்று ஒரே மனம் ஒரே நேரத்தில் விரும்புவது எப்படி? விளையாட்டை வெற்றி தோல்வியாக மட்டும் பார்ப்பவருக்கு இது புரியாது. திருமணமாகி வேறு ஊருக்குப் போன மகள் திருவிழாவுக்கு வரும்போது, அவள் புகுந்த வீட்டுப் பெருமையைப் பேசினாலும் ரசித்துக் கேட்கும் தாய்க்குப் புரியும்.

அந்த ஊரோடு பூஹோல்ஸ் உறவை அறுத்துக்கொள்ளவில்லை என்பதும் காரணம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்காக அவர் குடும்பம் 2005-ல் தொடங்கிய அறக்கட்டளை, அவர் கலிஃபோர்னியாவுக்குப் போன பிறகும் செயின்ட் லூயிஸில் வேலை செய்தது. மைதானத்தில் இல்லாவிட்டாலும் அவர் பெயர் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

கதை இன்னும் நீள்கிறது. 2022 மார்ச்சில், 42 வயதில், கார்டினல்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. கடைசி ஒரு வருடம். 700 ஹோம் ரன்னைத் தொட அவருக்கு இன்னும் 21 வேண்டியிருந்தது. அந்த வயதில் அது நடக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். செப்டம்பர் 23 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே இரவில் 699, 700 இரண்டையும் அடித்தார். பேஸ்பால் வரலாற்றில் அதற்கு முன் மூன்றே பேர் தொட்ட எண் அது. அக்டோபர் 2, லீக் சுற்றின் கடைசி உள்ளூர் ஆட்டம். அவரையும் மொலினாவையும் ஊர் விழா எடுத்து வழியனுப்பியது. அன்றும் ஒரு ஹோம் ரன், 702-வது. வேறெங்கும் முடித்துக்கொள்ளாமல், தொடங்கிய இடத்தில் முடிக்க அவருக்கு வாய்த்தது.

கடிகாரம் கேட்காத கைதட்டல்

பேஸ்பாலில் 2023 முதல் ஒரு புது விதி வந்தது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்று, பந்து வீசவும் பேட்டர் தயாராகவும் நொடிக்கணக்கு வைத்துக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். அந்த ஏப்ரல் 14 அன்று கோடி பெல்லிஞ்சர் லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு வந்தார். அங்கே 2017-ல் சிறந்த புதுமுகம், 2019-ல் லீகின் தலைசிறந்த வீரர் என்று கொண்டாடப்பட்டவர். ஃபார்ம் போனதும் டாட்ஜர்ஸ் அவரை விட்டுவிட்டது, சிகாகோ கப்ஸ் எடுத்துக்கொண்டது. முதல் முறை பேட் பிடிக்க வந்தபோது டாட்ஜர்ஸ் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டிருந்த நேரத்தில் கடிகாரம் ஓடி முடிந்தது. நடுவர் அவர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக்கை ஏற்றினார். ஒரு பந்தும் வீசப்படவில்லை, ஆனால் தவறவிட்டதாகக் கணக்கு.

இந்த நிகழ்ச்சி எனக்கு ஆறவில்லை. ஆட்டத்தை விறுவிறுப்பாக்க விதி வேண்டும்தான். ஆனால் மக்கள் ஏன் மைதானத்துக்கு வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டு விறுவிறுப்பை மட்டும் காப்பாற்றி என்ன பயன்? மொலினா தன் காலால் நகர்ந்து வாங்கிக்கொடுத்த அந்த ஒரு நிமிடத்துக்கு விதிப்புத்தகத்தில் இடம் இருக்க வேண்டும்.

கோல் அடித்தவர் கையைத் தூக்கவில்லை

இந்த உறவில் ஆட்டக்காரர் பக்கமும் ஒரு நாகரிகம் உண்டு. கால்பந்தில் அது எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. பழைய அணிக்கு எதிராகக் கோல் அடித்தால் ஆர்ப்பரிக்கக் கூடாது.

இதன் மிகத் துயரமான உதாரணம் டெனிஸ் லா. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு பதினோரு வருடத்தில் 237 கோல் போட்டவர். ஓல்ட் டிராஃபோர்டின் ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்ட் ரசிகர்கள் அவரை ராஜா என்று அழைத்தார்கள். 1973-ல் யுனைடெட் அவரை விட்டதும் அதே ஊரின் போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். 1974 ஏப்ரல் 27. யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் விளிம்பில் நின்றது. ஓல்ட் டிராஃபோர்டில் ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது பந்து அவர் காலடிக்கு வந்தது. குதிகாலால் பின்பக்கமாகத் தட்டினார், உள்ளே போய்விட்டது. சக வீரர்கள் ஓடிவந்து முதுகில் தட்ட, அவர் தலை குனிந்து நடந்தார். சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் களத்தைவிட்டு வெளியேறினார். கிளப் லீக் கால்பந்தில் அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான்.

மற்ற ஊர்களின் முடிவுகளைப் பார்த்தால் அந்தக் கோல் இல்லாவிட்டாலும் யுனைடெட் இறங்கியிருக்கும். அது அவருக்கு ஆறுதல் தரவில்லை. ஆனால் ஊர் அவரை வெறுக்கவில்லை. ஓல்ட் டிராஃபோர்டில் அவருக்குச் சிலை இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல. 2025 ஜனவரியில் அவர் மறைந்தபோது யுனைடெட் ரசிகர்கள் தங்கள் ராஜாவுக்காகவே அழுதார்கள்.

யுனைடெட்டின் பழைய செல்லமாக 2013 மார்ச் 5 அன்று ரியல் மாட்ரிட் சட்டையில் அதே மைதானத்துக்கு வந்த கிறிஸ்டியானோ ரொனால்டோவும் வெற்றிக் கோலை அடித்துவிட்டு ஆர்ப்பரிக்காமல் கைகளை உயர்த்தி மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றார். ஆட்டத்துக்கு முன் அவருக்குக் கிடைத்த வரவேற்பு அப்படிப்பட்டது.

எரித்த சட்டையும் எடுத்து மாட்டிய சட்டையும்

எல்லா ஊரும் செயின்ட் லூயிஸ் ஆகிவிடாது. கிளீவ்லாந்துக்குப் பக்கத்து ஊரான ஆக்ரனில் பிறந்தவர் லெப்ரான் ஜேம்ஸ். கூடைப்பந்தில் அந்த மண்ணின் பிள்ளை. 2010 ஜூலையில் தான் மயாமிக்குப் போவதை ஒரு தனித் தொலைக்காட்சி நிகழ்ச்சி வைத்து நாட்டுக்கே அறிவித்தார். ரசிகர்கள் தெருவில் அவர் சட்டையை எரித்தார்கள். டிசம்பர் 2 அன்று மயாமி அணியோடு கிளீவ்லாந்துக்கு வந்தபோது பந்து அவர் கைக்கு வந்த ஒவ்வொரு முறையும் அரங்கம் ஊளையிட்டது. அவர் 38 புள்ளிகள் எடுத்து ஜெயித்துவிட்டுப் போனார்.

2014-ல் திரும்பி வந்தார். 2016-ல் கிளீவ்லாந்துக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அந்த ஊர் எந்தப் பெரிய விளையாட்டிலும் 52 வருடமாகக் கோப்பை பார்த்ததில்லை. 2018-ல் மறுபடியும் கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அந்த நவம்பர் 21 அன்று லேக்கர்ஸ் சட்டையில் வந்தவருக்கு அதே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒரே ஊர், ஒரே ஆள், இரண்டு முறையும் விட்டுத்தான் போனார். முதல் முறை நடுவழியில் விட்டார், அதையும் ஊரை அவமானப்படுத்தும் விதத்தில் சொன்னார். இரண்டாவது முறை கோப்பையை வாங்கித் தந்துவிட்டு, ஆரவாரம் இல்லாமல் போனார். போவதை ஊர் பொறுத்துக்கொள்ளும். போகும் விதத்தை மறக்காது.

டொரான்டோவின் வின்ஸ் கார்ட்டர் கதையில் அந்த மறதிக்கே பத்து வருடம் ஆனது. 1998-ல் வந்து, பனி ஹாக்கி தவிர வேறெதையும் பெரிதாக நினைக்காத ஒரு நாட்டுக்குக் கூடைப்பந்தைக் கற்றுத் தந்தவர் அவர். 2004 டிசம்பரில் மனக்கசப்போடு பிரிந்து நியூ ஜெர்சிக்குப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் ஊளைதான். 2014 நவம்பர் 19 அன்று மெம்ஃபிஸ் அணியோடு வந்தபோது ஒரு இடைவேளையில் அவருடைய பழைய ஆட்டங்களைத் தொகுத்த காணொளி பெரிய திரையில் ஓடியது. ஊளை எழும் என்று பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். கூட்டம் எழுந்து நின்றது. அவர் கண்ணில் நீர் வழிந்தது, கேமரா அதைக் காட்டியது, கைதட்டல் இன்னும் கூடியது.

பத்து வருடத்தில் என்ன மாறியது? அணி மீண்டும் ஜெயிக்கத் தொடங்கியிருந்தது, அது ஒன்று. அதைவிடப் பெரிது, அவரைப் பார்த்துப் பந்தை எடுத்த கனடாப் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள். 2013-லும் 2014-லும் என்பிஏ அணிகள் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தவர்கள் இருவருமே டொரான்டோ வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். விட்டுப்போனவர் என்ன விட்டுவிட்டுப் போனார் என்பது ஊருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. 2024 நவம்பரில் அவருடைய 15-ம் எண் சட்டையை அதே அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள். இனி அந்த எண்ணை அங்கே யாரும் அணிய முடியாது.

தாதாவுக்காக இரண்டான கொல்கத்தா

இந்தியாவில் இந்தப் பாசம் உச்சத்துக்குப் போன ஊர் கொல்கத்தா. 2005 நவம்பர் 25 அன்று ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் இந்திய அணியையே கூட்டம் எதிர்த்துக் கூச்சலிட்டது. காரணம் ஒன்றுதான், அணியில் 'தாதா' சௌரவ் கங்குலி இல்லை. சொந்த மண்ணில் ராகுல் டிராவிட்டின் அணி பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

2011 ஏலத்தில் கங்குலியைக் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் எடுக்கவில்லை. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். 2012 மே 5 அன்று அவர் புனே அணியின் கேப்டனாக ஈடனுக்கு வந்தார். ஊர் அன்று இரண்டாகப் பிரிந்தது. ஒரு வீட்டுக்குள்ளேயே அப்பா ஒரு அணி, பிள்ளை ஒரு அணி. கொல்கத்தா ஏழு ரன்னில் ஜெயித்தது, கங்குலி 36 ரன் எடுத்தார். அந்த ஊர் ரசிகரிடம் அன்று யார் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் நேராகப் பதில் வந்திருக்காது.

மாம்பலத்துக்குப் போன மேளம்

சென்னைக்கு வருவோம். சேப்பாக்கம் பொதுவாகவே பெரிய மனசுள்ள மைதானம். 1999 ஜனவரியில் 12 ரன்னில் இந்தியாவைத் தோற்கடித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் இது. அந்நியருக்கே அப்படி என்றால் சொந்தப் பிள்ளைக்கு?

சொந்தப் பிள்ளை விஷயத்தில் சென்னைக்கு ஒரு விசித்திரமான நெருடல் உண்டு. ஊர் கொண்டாடிய தலைவன் தோனி ராஞ்சிக்காரர். 'சின்ன தல' சுரேஷ் ரெய்னா உத்தரப் பிரதேசத்துக்காரர். ஹேடன், ஹஸ்ஸி, பிராவோ, டு பிளெஸ்ஸி எல்லாம் கடல் கடந்து வந்து சென்னைக்காரர் ஆனவர்கள். இங்கேயே பிறந்த தினேஷ் கார்த்திக்கோ ஒரு சீசன்கூட மஞ்சள் சட்டை போட்டதில்லை. 2008 ஏலத்தில் சென்னை தன்னை எடுக்கும் என்று காத்திருந்து, தோனி பெயர் விழுந்ததும் எப்படி உடைந்தேன் என்பதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். ஆறு அணிகளுக்கு ஆடியவர், ஒவ்வொரு முறையும் சொந்த ஊருக்கு விருந்தாளியாகவே வந்தார். 2024 மார்ச் 22 அன்று, தன் கடைசி ஐபிஎல் சீசனின் முதல் ஆட்டத்தை பெங்களூரு சட்டையில் சேப்பாக்கத்தில் ஆடினார். 26 பந்தில் 38 ரன், ஆட்டமிழக்கவில்லை. அன்று பெங்களூருவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் பழைய செல்லம் டு பிளெஸ்ஸி. சொந்த ஊர்ப் பிள்ளை எதிரணியில், தத்துப்பிள்ளையும் எதிரணியில். சென்னை ரசிகரின் மனக்கணக்கு இப்படித்தான் சிக்கலானது.

அஸ்வினின் கதை இன்னும் நீளமானது. 2008-ல் தொடங்கி 2015 வரை மஞ்சள். சென்னைக்குத் தடை வந்து அணி கலைந்ததும் புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றினார். 2023 ஏப்ரல் 12, நான்கு வருடம் கழித்து சென்னை அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பியிருந்த சீசன் அது. சென்னை கேப்டனாகத் தோனியின் 200-வது ஆட்டம். ராஜஸ்தான் சட்டையில் அஸ்வின் 30 ரன் அடித்து, இரண்டு விக்கெட் எடுத்து, ஆட்ட நாயகன் ஆனார். கடைசி ஓவரில் தோனி சிக்ஸர்களைப் பறக்கவிட்டும் சென்னை மூன்று ரன்னில் தோற்றது. ஊரின் கொண்டாட்டத்தைக் கெடுத்தவன் ஊர்ப்பிள்ளை. ஆனாலும் வாலாஜா சாலை வழியாக வீடு திரும்பியவர்கள் மனதில் கசப்போடு ஒரு பெருமையும் இருந்தது. இந்த மைதானத்தின் மண்ணை அவனைப்போல் படித்தவன் யார்? 2021-ல் இங்கிலாந்துக்கு எதிராகவும் 2024-ல் வங்கதேசத்துக்கு எதிராகவும் இதே சேப்பாக்கத்தில் டெஸ்ட் சதம் அடித்தவன் ஆயிற்றே.

2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில், தொடரின் பாதியில், சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 537 டெஸ்ட் விக்கெட்டுகள். ஆஸ்திரேலியாவில் விடைபெறும் ஆட்டம் என்று எதுவும் நடக்கவில்லை. மறுநாளே சென்னையில் இறங்கினார். இந்திய கிரிக்கெட் தராத வழியனுப்பலை அவர் வீட்டு வாசல் தந்தது. மேளம் முழங்கியது, மாலை விழுந்தது, அப்பா கட்டிப்பிடித்து முத்தமிட்டார், அம்மா கண்ணீர் விட்டார், அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அங்கே நின்ற பத்திரிகையாளர்களிடம் தனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்றார். சென்னைக்கு முடிந்தவரை ஆடுவேன் என்றார்.

முந்தைய மாத ஏலத்தில் சென்னை அவரை 9.75 கோடிக்கு எடுத்திருந்தது. ஊர் அவ்வளவு ஆசையோடு காத்திருந்த சீசன் நன்றாகப் போகவில்லை. ஒன்பது ஆட்டங்களில் ஏழு விக்கெட். பாதியில் ஆடும் அணியிலிருந்து வெளியே உட்கார வேண்டி வந்தது. சென்னை பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தும் விடைபெற்றார். பூஹோல்ஸுக்குக் கிடைத்த முடிவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. சமூக ஊடகங்களில் அந்த மாதங்களில் அவர்மேல் வீசப்பட்ட சொற்கள் எனக்கு வலித்தன. மைதானத்தில் எழுந்து நின்ற கூட்டமும் கைபேசியில் வசைபாடிய கூட்டமும் ஒன்றே என்று நம்ப மனம் மறுக்கிறது.

தளபதிக்கு ஒரு திரை

2025 நவம்பரில் சென்னை ரசிகர்களுக்கு அடுத்த அடி விழுந்தது. சஞ்சு சாம்சனைப் பெறுவதற்காக ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது சென்னை. 2012 முதல், தடை விழுந்த இரண்டு வருடம் போக, மஞ்சளிலேயே இருந்தவர் ஜடேஜா. இளஞ்சிவப்புச் சட்டையில் அவர் சேப்பாக்கத்தில் இறங்கினால் என்ன செய்வது என்று ரசிகர்கள் அன்றைக்கே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஜடேஜாவுக்கு இந்த ஊர் ஒரு பாக்கி வைத்திருக்கிறது. தோனி பேட்டிங்கைப் பார்க்கும் ஆசையில், ஜடேஜா ஆட்டமிழந்தால் கொண்டாடிய கூட்டம் நாம். முன்னால் இறங்கினால் நான் அவுட் ஆகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள் என்று 2023-ல் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அடுத்த வருடம் கொல்கத்தாவுடனான ஆட்டத்தில் தோனிக்கு முன் தான் இறங்குவதுபோல் போக்குக் காட்டி, கூட்டம் பதறியதும் சிரித்தபடி திரும்பி உள்ளே போனார். பெருந்தன்மையான ஆள். 'தளபதி' என்ற பட்டமும் அவருக்கு மெதுவாகத்தான் வந்தது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய வீரர் முதன்முறை எதிரணியில் வரும்போது இரண்டு நிமிடக் காணொளி ஓடுவது சடங்காகவே ஆகிவிட்டது. ஐபிஎல்லில் அது இன்னும் வேரூன்றவில்லை. பெங்களூரு 2023-ல் டி வில்லியர்ஸையும் கெய்லையும் சின்னசாமி மைதானத்துக்கு அழைத்து, அவர்கள் அணிந்த 17, 333 எண்களுக்கு ஓய்வு கொடுத்தது. ஆனால் அது ஆடி முடித்தவர்களுக்கு. இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர், எதிரணிச் சட்டையில் வருபவர், அவருக்குத்தான் அந்த இரண்டு நிமிடம் அதிகம் தேவைப்படுகிறது. விளம்பரத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்க சென்னை அணிக்கும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும் கஷ்டம் ஒன்றும் இருக்காது.

ஆமதாபாத், 2023 இறுதி ஆட்டம். மழையால் நள்ளிரவைத் தாண்டி மே 30 ஆகிவிட்டது. கடைசி இரண்டு பந்தில் சென்னைக்குப் பத்து ரன் வேண்டும், பேட்டோடு நின்றவர் ஜடேஜா. பந்து வீசியவர் மோஹித் சர்மா, அவரும் ஒரு காலத்தில் சென்னைக்காரர்தான். முதல் பந்து சிக்ஸர், அடுத்தது ஃபோர், ஐந்தாவது கோப்பை. தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொண்டார். ஜடேஜா ராஜஸ்தானுக்காக சேப்பாக்கத்தில் பேட்டோடு இறங்கும்போது அந்த இரண்டு பந்தையும் பெரிய திரையில் போடுங்கள். மிச்சத்தை கேலரி பார்த்துக்கொள்ளும்.